ஜிம் பெல்ட் முதுகைக் காப்பாற்றுமா? வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

ஸ்குவாட், டெட்லிஃப்ட்டில் எடை ஏற ஏற, ‘பெல்ட் போட்டுக்கோங்க, முதுகு பத்திரம்’ என்ற அட்வைஸ் காதில் விழும். ஆனால், பெல்ட் நேரடியாக முதுகைத் தாங்குவதில்லை. மூச்சை இழுத்து அடக்கும்போது வயிறு பெல்ட்டை எதிர்த்துத் தள்ளும். அப்போது வயிற்றுக்குள் கூடும் அழுத்தம்தான் முதுகெலும்பை அசையாமல் நிறுத்துகிறது. அந்த மூச்சுப் பயிற்சி இல்லாவிட்டால் பெல்ட் வெறும் பட்டைதான்.

எதை வாங்கலாம்?

பேன்ட் சைஸை நம்பாதீங்க. தொப்புளைச் சுற்றி டேப் வைத்து அளந்து பாருங்க. முன்னும் பின்னும் ஒரே அகலம் இருந்தால், வயிறு தள்ள முன்பக்கமும் இடம் கிடைக்கும். பெரும்பாலானோருக்கு 10 மி.மீ. தடிமன் போதும். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனப் போட்டிகளில் 10 செ.மீ. அகலம், 13 மி.மீ. தடிமன்தான் உச்சவரம்பு. ஸ்னாட்ச், கிளீன் செய்பவர்களுக்கு வளைந்துகொடுக்கும் நைலான் பெல்ட் வசதி.

எப்படிப் பராமரிப்பது?

வியர்வையோடு பையில் திணித்தால் தோல் பெல்ட்டில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்க. வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். வாஷிங்மெஷின் கூடவே கூடாது. லீவர் பெல்ட் என்றால் ஸ்க்ரூ லூஸாகி இருக்கிறதா என அடிக்கடி பாருங்க.

யாருக்கு எச்சரிக்கை?

மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென ஏறும். பிபி, இதயப் பிரச்சினை, குடலிறக்கம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்பது அவசியம். வார்ம்-அப் செட்டுக்கு பெல்ட் தேவையில்லை. வலியை மறைக்க பெல்ட்டை இறுக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்; அன்றைக்கு எடையைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.