மாத்திரைக்கு அடியில் ஒரு எண்

காசநோய்க்கு மாத்திரை தொடங்கி ஒன்றிரண்டு மாதங்களில் இருமல் அடங்கும், பசி திரும்பும், எடையும் கூடும். ஆபத்தும் அப்போதுதான். “உடம்பு சரியாகிவிட்டதே” என்று மாத்திரை அட்டை அலமாரிக்குள் போய்விடும். ஆனால், நுரையீரலில் பதுங்கிக் கிடக்கும் கிருமிகளை ஒழிக்கத்தான் சிகிச்சை ஆறு மாதம் நீள்கிறது. நடுவில் விட்டால் நோய் திரும்பலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகலாம்.

இந்தக் கவலைக்குச் சென்னையோடு பழைய உறவு உண்டு. நல்ல மருந்து கிடைத்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பதைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிறுவியது. மருந்து வீட்டுக்கு வந்தது, “இன்று சாப்பிட்டாரா?” என்ற கேள்வியும் கூடவே வந்தது. ஊழியரின் கண்ணெதிரே விழுங்கச் செய்வது ஒரு வழி. ஆனால், அதற்காக மருத்துவமனைக்கு நடந்தால் தினக்கூலிக்காரருக்கு அன்றைய சம்பளம் போகும்.

இதற்குப் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பில் தீஸ் குழுவினர் கண்ட வழிதான் ‘99டாட்ஸ்’. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் அட்டை உறை. மாத்திரையைப் பிதுக்கினால் உறை கிழிந்து, உள்ளே மறைந்திருந்த தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்குக் காசு செலவில்லாமல் ஓர் அழைப்பு விட்டால் போதும்; யார், எந்த நாள் என்பது கணினியில் பதிவாகிவிடும். பிரிக்காமல் எண்ணை ஊகிக்க முடியாது. ஸ்மார்ட்போன் வேண்டாம், எழுதப் படிக்க வேண்டாம். பட்டன் போனும் மிஸ்டு கால் பழக்கமும் போதும்.

நல்ல யோசனை. ஆனால், பிரித்த மாத்திரை எல்லாம் விழுங்கிய மாத்திரை ஆகிவிடாதே! சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் வீடுகளுக்குச் சொல்லாமல் சென்று, சிறுநீரில் ஐசோனியாசிட் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2020-இல் வெளியான அந்த முடிவு, அழைப்புப் பதிவை அப்படியே நம்ப முடியாது என்றது. மருந்தை விழுங்கியும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். அழைத்தும் விழுங்காதவர்களும் இருந்தார்கள். சிக்னல் கிடைக்காத தெரு, வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கணவர் சட்டைப்பையில், பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம்: ஆய்வகத்தில் எவ்வளவு யோசித்து வடிவமைத்தாலும் இவையெல்லாம் குறுக்கே நிற்கும்.

கென்யாவின் நைரோபியில் ‘கெஹீலா’ திட்டமும் சாதாரண போனில்தான் ஓடியது. மருந்து சாப்பிட்டீர்களா என்று தினமும் கேட்டது. பதில் வராவிட்டால் நினைவூட்டியது. அதற்கும் பதில் இல்லையென்றால் ஆட்களே அழைத்துப் பேசினார்கள். 2019-இல் வெளியான சோதனையில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 13.1 சதவீதத்தினருக்குச் சிகிச்சை வெற்றிகரமாக முடியவில்லை. திட்டத்தில் இருந்தவர்களில் அது 4.2 சதவீதம். இங்கே போன் வெறும் கண்காணிப்பாளராக நிற்கவில்லை, துணைக்கு ஆளையும் கூட்டி வந்தது.

போன் பதிவு வருகைப் பதிவேடு மாதிரி; யார் வரவில்லை என்று மட்டும்தான் சொல்லும். ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். காசநோய்க்குச் செயலி வாங்கும் அரசுகள், அந்த ஆளுக்கான சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில் எழுதட்டும்.