ரூட் கெனால் முடிந்தும் வலிக்கிறதா?

வேருக்குள் அடைப்பது பெரும்பாலும் கட்டா பெர்ச்சா. நம் வட்டாரத்து மரத்தின் பால்தான் அது. தாத்தா பாட்டி ரப்பரைக் 'கித்தா' என்பார்களே, அந்த மலாய்ச் சொல்தான் பெயரிலும் இருக்கு!

உடல் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். உறுத்துவது கூடவே பூசும் பசை. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் கலந்த பசை, இறுகும்வரை திசுவை எரிச்சலூட்டும்; பிறகு குறையும். புதிய கால்சியம் சிலிக்கேட் பசைகள் பொதுவாகச் சாதுவானவை.

ஆனால் எந்தப் பசையும் வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தால் அழற்சி வரலாம்.

சில நாள் கடிக்கும்போது லேசா வலித்தால் பயப்படாதீங்க. வீக்கம், சீழ், காய்ச்சல் என்றால் கதை வேறு. பெரும்பாலும் உள்ளே தங்கிய கிருமிதான் காரணம். வலி மாத்திரையோடு காத்திருக்காமல் உடனே பல் மருத்துவரைப் பாருங்க.