மாரிக்கு முன் ஆட்டின் கண்ணைப் பாருங்கள்

படுவான்கரையில் மாரி பிறந்தால் ஆட்டுப்பட்டிக்குச் சோதனைக் காலம். ஈரப்புல்லில் ஒட்டியிருக்கும் புழுக்குஞ்சுகள் மேய்ச்சலோடு வயிற்றுக்குள் போய் இரத்தத்தை உறிஞ்சும். ஆட்டின் கீழ் இமையைப் பெருவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்சதை சிவந்திருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் தாமதிக்காமல் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தை நிறை பார்த்தே கொடுக்க வேண்டும்; கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். காலையில் பனி உலர்ந்த பிறகு மேயவிடுங்கள். மழை விடாத நாளில் வேலிச் சீமைக்கிளுவைக் குழையை வெட்டிப் பரணிலேயே கட்டித் தொங்கவிடலாம்.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நல்ல கிடாய் தேடுவார்கள். குர்பானிக்கு ஷாபிஈ மத்ஹபின்படி வெள்ளாட்டுக்கு 2 வயது நிறைந்திருக்க வேண்டும். நொண்டலோ கண் பழுதோ கூடாது. அடையாளத்துக்காகக் காதை அறுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த கிடாயை அந்த ஒரு வெட்டே கழிக்க வைத்துவிடும். சினைக்காலம் 5 மாதம். பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருகிறது. இரண்டையும் கணக்கில் வைத்தே மறியைக் கிடாய்க்கு விடுங்கள்.