மானிப்பாய் அகராதியை எந்த மண்டபத்தில் வைப்பது?

1842இல் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ஒரு தமிழ் அகராதி அச்சேறியது. யாழ்ப்பாண அகராதி என்றும் மானிப்பாய் அகராதி என்றும் அதைச் சொல்வார்கள். அதே 1842இல்தான், இன்று ஒஸ்லோ எனப்படும் நகரில், நோர்வேயின் தேசிய ஓவியக்கூடமும் தொடங்கியது.

அந்த ஓவியக்கூடம் இன்று தனியாக இல்லை. 2003இல் அதையும் கைவினை மற்றும் வடிவமைப்பு, கட்டடக்கலை, சமகாலக் கலை ஆகியவற்றின் நூதனசாலைகளையும் சேர்த்து ஒரே தேசிய நூதனசாலையாக்கினார்கள். அதுவரை ஓவியம் ஓரிடம், பீங்கானும் நெசவும் வேறிடம், கட்டட வரைபடம் இன்னோரிடம். ஒரே காலத்தில் வாழ்ந்த ஓவியரையும் நெசவாளரையும் பார்க்க இரண்டு வாசல் ஏற வேண்டியிருந்தது.

சேர்ப்பது லேசாக நடக்கவில்லை. முதல் இயக்குநர் 2006இல் விலகினார். பழைய ஓவியக்கூடத்தை விட்டுப் போகக்கூடாது என்று பலர் எதிர்த்தார்கள். புதிய கட்டடம் 2022 யூன் 11இல்தான் திறந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் பொருள்களில் 6,500 அளவில் அங்கே காட்சிக்கு உண்டு. மத்திய காலத்துப் பால்டிஷோல் நெசவுத் திரையும் 1893இல் மூங்க் வரைந்த 'அலறல்' ஓவியமும் இப்போது ஒரே கூரையின் கீழ். துணி நெய்த கைக்கும் தூரிகை பிடித்த கைக்கும் சம மரியாதை. இந்த இணைப்பின் பெரிய பேறு அதுதான் என்பேன்.

தலைநகருக்குத் தொலைவில் இருக்கும் நமக்கு இன்னொன்று முக்கியம். ஊர் ஊராகக் கலையைக் கொண்டுபோக 1953இல் நோர்வே அரசு தொடங்கிய நடமாடும் கண்காட்சி அமைப்பும் இந்த நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்த வேலை இல்லையென்றால் 'தேசிய' என்ற சொல் தலைநகருக்கு மட்டுமே சொந்தமாகிவிடும்.

நம் நாட்டில் 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலை ஒரு திணைக்களத்தின் கீழ். யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலை தொல்பொருள் திணைக்களத்தின் கீழ். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய கந்தரோடையில் ஆய்வாளர் போல் பீரிஸ் 1917 முதல் 1919 வரை அகழ்ந்தார். அங்கே கிடைத்தவை தொல்பொருள், சரி. அந்த அகராதியின் தமிழ் எழுத்துருவையும், அதற்கு முன்னிருந்த ஏட்டையும் எழுத்தாணியையும் எந்த வகையில் சேர்ப்பது? அவை கலையும்தான், கைவினையும்தான்.

பெருங்கட்டடம் பிறகு வரட்டும். முதலில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று எல்லாத் திணைக்களங்களுக்கும் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும், தமிழிலும். பிறகு கொழும்பிலிருந்து ஒரு வாகனம் மானிப்பாய் வரை வரட்டும். ஏடும் எழுத்தாணியும் அச்செழுத்தும் ஒரே மேசையில் இருக்க, நம் பிள்ளைகள் கிட்ட நின்று பார்க்கட்டும்.