மார்க்கு பார்த்துப் பாட்டுக் கேட்கலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். நண்பர் முப்பது ஆண்டுகளாகக் குலை வெட்டுகிறவர். மகனுக்குப் பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. அவனும் மூன்று தோழர்களும் ஆறு தமிழ்ப் பாட்டுகளைத் தாங்களே எழுதி, இசையமைத்து, ஓர் ஆல்பமாக இணையத்தில் வெளியிட்டிருந்தார்கள். ஒலிப்பதிவுச் செலவில் பாதியைத் தகப்பனார்தாம் கொடுத்தாராம். வியர்வை சிந்திச் சேர்த்த காசு.

"எங்கே தம்பி, உன் பாட்டைப் போடேன், கேட்போம்" என்றேன்.

"வேண்டாம் மாமா. மார்க்கு போடுற வெப்சைட்டுல பத்துக்கு மூணுதான் வந்திருக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய கித்தார் உறைக்குள் சுருண்டு அலமாரியின் மேல் ஏறிவிட்டிருந்தது.

நண்பருக்குப் பொறுக்கவில்லை. "யார்டா மார்க்கு போட்டவன்? உனக்கு வாத்தியாரா அவன்?" என்றார்.

முரட்டுக் கேள்விதான். ஆனால் நாம் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி.

அறிந்தவர் சொன்ன சொல்

மார்க்கு போடுவது நமக்குப் புதிதல்ல. 1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க்கு கொடுத்ததை மூத்த வாசகர்கள் இன்றும் சொல்வார்கள். கர்நாடக சங்கீதத்தில், 2007-இல் மறைந்த சுப்புடுவின் பேனாவுக்குப் பெரிய வித்துவான்களே அஞ்சினார்கள். ஆனால் சுப்புடுவைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு அவருக்கு எது பிடிக்கும், எது எரிச்சலூட்டும் என்பது தெரியும். அவர் சொன்னதை அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

நம் பட்டணங்களில் அந்த வேலையைக் கேசட் கடைக்காரர் செய்தார். சம்பளம் போட்ட வாரத்தில் கடைக்குப் போனால், "அண்ணே, இந்தப் படத்துல ரெண்டு பாட்டுத்தான் தேறும். முழு கேசட் வாங்காதீங்க, காலி நாடாவுல பதிஞ்சு தர்றேன்" என்பார். வாங்குமுன் போட்டும் காட்டுவார். அவர் நம்மை அறிவார், நாம் அவரை அறிவோம். ஏமாற்றினால் அடுத்த மாதம் அவர் கடைப் படியேற மாட்டோம்.

இணையத்தில் மார்க்கு போடுகிறவரோடு நமக்கு இந்த உறவு இல்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஒரு புள்ளியின் பலம்

அமெரிக்காவில் 'பிட்ச்ஃபோர்க்' என்று ஓர் இணையத்தளம் உண்டு. 1996-இல் மினியாபோலிஸ் நகரில் ரையன் ஷ்ரைபர் என்ற இளைஞர் தொடங்கியது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று, புள்ளிக்குப் பின் ஓர் எண்ணும் சேர்த்து, மார்க்கு போடுவார்கள்.

2004-இல் கனடாவின் 'ஆர்கேட் ஃபயர்' குழு தன் முதல் ஆல்பமான 'ஃபியூனரல்' என்பதை வெளியிட்டது. பிட்ச்ஃபோர்க் 9.7 கொடுத்தது. அதை வெளியிட்ட சிறிய நிறுவனத்திடம் இருந்த பிரதிகள் தீர்ந்துபோயின. அதே ஆண்டில் டிராவிஸ் மாரிசன் என்ற பாடகரின் தனி ஆல்பத்துக்கு 0.0 விழுந்தது. அதுவரை தம்மை வரவேற்ற கூட்டம் ஒரே இரவில் மாறிவிட்டது என்று அவரே பின்னர் வருந்தினார். ஒரே ஆண்டில், ஒரே தளத்தின் மார்க்கால், ஒரு குழு உயர்ந்தது. ஒரு பாடகர் சரிந்தார்.

அப்படிப் போட்ட மார்க்கு கல்வெட்டா? இல்லை. 2021-இல் அதே தளம் தன் பழைய மார்க்குகளில் பத்தொன்பதைத் தானே திருத்தி எழுதியது. பிரெஞ்சு இசைக் குழுவான 'டாஃப்ட் பங்க்' 2001-இல் வெளியிட்ட ஆல்பத்துக்கு முதலில் கொடுத்தது 6.4, இருபது ஆண்டு கழித்து 10. லிஸ் ஃபேர் என்ற பாடகியின் 2003-ஆம் ஆண்டு ஆல்பம் பூஜ்யத்திலிருந்து 6-க்கு வந்தது. பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்டவர்கள்தாம் மாறினார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1969-இல் 'லெட் செப்பெலின்' குழுவின் முதல் இசைத்தட்டை 'ரோலிங் ஸ்டோன்' ஏடு குறை சொல்லி எழுதியது. 2003-இல் அதே ஏடு தொகுத்த 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் அந்த இசைத்தட்டுக்கு 29-ஆம் இடம்!

மூன்று பேர் ஊராகுமா?

விமர்சகர் ஒருவர் தவறலாம், பொதுமக்கள் தவறுவார்களா என்று கேட்கலாம். பொதுமக்களே மார்க்கு போடும் தளங்களும் இருக்கின்றன. 2000-இல் தொடங்கிய 'ரேட் யுவர் மியூசிக்' அவற்றில் பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கானோர் கேட்ட ஆல்பத்துக்கு அங்கே வரும் மார்க்கு ஓரளவு நம்பத் தக்கதுதான். சிறிய ஆல்பத்தின் கதை வேறு.

நண்பரின் மகனிடம், "எத்தனை பேர் மார்க்கு போட்டார்கள்?" என்று கேட்டேன். "மூணு பேர்" என்றான். ஒருவர் 2, ஒருவர் 4, ஒருவர் 3. கூட்டினால் 9, மூன்றால் வகுத்தால் 3. நாலாவதாக ஒருவர் வந்து 9 கொடுத்தால் சராசரி 4.5 ஆகிவிடும்! ஒரே ஒருவர் வந்தால் பாதிக்குப் பாதி ஏறிவிடும் எண்ணை நம்பியா ஒரு பிள்ளை கித்தாரை மேலே தூக்கிப் போடுவது? அந்த மூவருக்கும் தமிழ் தெரியுமா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

பயனே இல்லையா?

அப்படிச் சொல்ல மாட்டேன். உலகத்தில் வரும் பாட்டையெல்லாம் கேட்க ஓர் ஆயுள் போதாது. எங்கே தொடங்குவது என்று காட்ட ஒரு கைகாட்டி மரம் வேண்டும். பெயரே கேள்விப்படாத நாட்டு இசையை நான் தேடிக் கேட்டது இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்துத்தான். ஆனால் கைகாட்டி மரம் ஊராகிவிடாது. நடந்து போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

எனவே சில யோசனைகள். மார்க்கை விட்டுவிட்டு, விமர்சகர் சொல்லும் காரணத்தைப் படியுங்கள். "பறையும் உறுமியும் அதிகம்" என்று அவர் குறை சொன்னால், உங்களுக்கு அதுவே நிறைவாக இருக்கலாம். உங்களுக்குப் பிடித்த பழைய ஆல்பம் ஒன்றைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அவர் ருசியும் உங்கள் ருசியும் ஒத்துப்போகிறதா என்பது விளங்கிவிடும். எத்தனை பேர் மார்க்கு போட்டார்கள் என்று எண்ணுங்கள். எதையும் ஒரு முறை கேட்டுத் தள்ளாதீர்கள்.

நம் மலேசியாவின் யோகி பி - நட்சத்திரா குழு 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' ஆல்பத்தை எந்த விமர்சனம் படித்தும் நான் அறியவில்லை. பேருந்தில் ஒரு பள்ளி மாணவன் கேட்டுக்கொண்டிருந்தான். இளையராஜா 1980-இல் 'நிழல்கள்' படத்துக்கு அமைத்த பாட்டைச் சொல்லிசையாக மாற்றியிருந்தார்கள். முதலில் முகம் சுளித்தேன். மூன்றாம் முறை கேட்கையில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றே மார்க்கு போட்டிருந்தால், நானும் பத்துக்கு மூன்றுதான் போட்டிருப்பேன்!

கடைசியில் என்ன ஆயிற்று?

வற்புறுத்திய பிறகு நண்பரின் மகன் பாட்டைப் போட்டான். ஆறையும் கேட்டோம். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "ரெண்டாவது பாட்டுல அடி ரொம்ப ஓங்கி இருக்கு, சொல்லு காதுல விழல. அம்மாவைப் பத்திப் பாடினியே, அஞ்சாவது, அதை இன்னொரு தரம் போடு" என்றார்.

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமாம்பா, டிரம்சைக் குறைக்கணும்னு நானும் நினைச்சேன்" என்றான். மூன்று பேர் போட்ட மார்க்கு அவனுக்குச் சொல்லாததை, பள்ளிக்கூடம் அதிகம் போகாத தகப்பனார் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அன்பார்ந்த வாசகர்களே! நம் தோட்டத்துப் பிள்ளைகள், பட்டணத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று பாட்டுப் போடுகிறார்கள். அவர்களுடைய ஆல்பங்களைப் பெரிய தளங்களின் விமர்சகர்கள் தேடி வந்து கேட்பது அரிது. நாம்தான் கேட்க வேண்டும். கேட்டபின் வெறும் எண்ணைப் போடாதீர்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரி, அலமாரியின் மேல் ஏறிய ஒரு கித்தாரைக் கீழே இறக்கக்கூடும்.