நிலம் ஆடினால் மேட்டுக்கு ஏறுங்கள்!

ஜங்லிகாட் ஜெட்டியில் தினமும் மோதுவது காற்று எழுப்பும் அலை. மேல்நீர் மட்டுமே அசையும். சில வினாடிகளில் திரும்பிவிடும். சுனாமி அப்படியல்ல.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணி. சுமத்ரா அருகே கடலடிப் பாறைத் தட்டுகள் நழுவின. பிளவு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோ மீட்டர் ஓடியது. கடல்தரை அசைந்ததால், அடி முதல் மேல்மட்டம் வரை தண்ணீர் முழுவதுமே நகர்ந்தது.

ஆழ்கடலில் அந்த அலைக்கு ஜெட் விமான வேகம். உயரமோ ஒரு மீட்டருக்கும் குறைவு. கப்பலில் போகிறவருக்கு அது கடந்ததே தெரியாது. கரையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் கூடும்.

நிலமும் தாழ்ந்தது

அன்று ஜங்லிகாட்டில் கடல் புகுந்தது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேர் பகுதியில் நிலமே சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதனால்தான் சுனாமி வடிந்த பிறகும், பக்கத்துச் சிப்பிகாட் வயல்களில் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஏறியது. வட அந்தமானிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழும்பின!

ஹைதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் அருகில் பூகம்பம் நேர்ந்தால் அலை வரச் சில நிமிடங்களே ஆகலாம். நிலம் நீண்ட நேரம் ஆடுவதே முதல் எச்சரிக்கை. கடல் திடீரென உள்வாங்குவது அடுத்தது. சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். முதல் அலை போனதும் இறங்கிவிடக் கூடாது. அடுத்து வருவது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.