முறிந்த உடலும் முறியாத முயற்சியும்

வீதி விபத்தில் உயிர் தப்பிய ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியதும், "இனி அசையாமற் படுத்திருந்தாற் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்று உறவினர் கூறுவர். அன்பினாற் பிறக்கும் அவ்வார்த்தை முழுதும் உண்மையன்று. எலும்பைப் பொருத்துவது சத்திரவைத்தியரின் கடமை. பொருந்திய காலைக்கொண்டு மீண்டும் நடப்பது நோயாளியின் கடமை. இவ்விரண்டிற்கும் இடையே பாலமாக அமைவது இயன்மருத்துவம். இவ்வுண்மையை விளக்க, அமெரிக்கக் கோல்ப் வீரர் பென் ஹோகனின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

1949ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி, டெக்சாஸ் மாநிலத்தில் மூடுபனி படர்ந்த வீதியொன்றில் ஹோகன் தம் மனைவியுடன் காரிற் சென்றுகொண்டிருந்தார். எதிரே வந்த பஸ் வண்டியொன்று காருடன் மோதியது. அக்கணத்தில் மனைவியைக் காக்கும்பொருட்டு அவர்மீது குறுக்கே பாய்ந்தார் ஹோகன். அச்செயலே அவருயிரையும் காத்தது. காரின் சுக்கான் தண்டு சாரதியின் ஆசனத்தைத் துளைத்துச் சென்றது. எனினும் இடுப்பெலும்பு, காறையெலும்பு, இடது கணுக்கால் ஆகியன முறிந்தன. பின்னர் இரத்தக் கட்டிகள் தோன்றி உயிருக்கு ஆபத்து விளைக்கவே, வயிற்றினுள்ளிருக்கும் பெருநாளத்தை வைத்தியர்கள் கட்டிவிட்டனர். ஏறக்குறைய இரண்டு மாதங்களின் பின் அவர் வீடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 36.

படுக்கை உடலுக்கு ஓய்வளிக்கும். அளவு மீறினால் தீங்கும் விளைக்கும். பயன்படாத தசை நாளுக்கு நாள் மெலியும். மடக்கப்படாத மூட்டு இறுகும். கால் அசையாதிருப்பின் இரத்தவோட்டம் தளர்ந்து கட்டிகள் தோன்றக்கூடும். ஆதலாலேயே நோயாளி படுக்கையில் இருக்கும்போதே இயன்மருத்துவர் தம் பணியைத் தொடங்குகிறார். முதலில் ஆழ்ந்து மூச்செடுத்தல், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், சாந்துக்கட்டினுள்ளேயே தொடைத்தசையை இறுக்கித் தளர்த்தல் ஆகிய எளிய பயிற்சிகள். கட்டு நீங்கியபின் மூட்டைச் சிறிது சிறிதாக மடக்கல். அதன்பின் ஊன்றுகோலுடன் நடத்தல் எனப் படிப்படியாக அது வளரும்.

இப்பயிற்சியிற் சில நுட்பங்கள் உண்டு. ஒற்றைக் கைத்தடியைக் காயமுற்ற காலுக்கு எதிர்ப்புறக் கையிற் பிடித்தல் வேண்டும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது நோயுற்ற காலும் முந்த வேண்டும். பயிற்சியின்போது தோன்றிச் சற்றுநேரத்தில் அடங்கும் நோவு இயல்பானது. மறுநாளும் நீடிக்கும் நோவும் வீக்கமும் பயிற்சி மிகுந்தமைக்கு அறிகுறி. கெண்டைக்கால் திடீரென வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தாமதியாது வைத்தியரை நாட வேண்டும்.

ஹோகன் முதலில் வீட்டினுள்ளேயே சுற்றிச்சுற்றி நடந்தார். நாடோறும் தூரத்தைக் கூட்டினார். வீங்கும் கால்களுக்கு மீள்துணிக்கட்டு அணிந்தும், உப்புக் கலந்த வெந்நீரில் அவற்றை ஊறவைத்தும் பயிற்சியைத் தொடர்ந்தார். 1950 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் போட்டியிற் கலந்து, முதலிடத்துக்குச் சமநிலை எய்தி, மீள்போட்டியிற் தோற்றார். அவ்வாண்டு ஜூன் மாதம் மெரியன் திடலில் நடைபெற்ற அமெரிக்கத் திறந்த போட்டியில், ஒரே நாளில் 36 குழிகளை நடந்தே ஆடி முடித்தார். மூவர் சமநிலையில் நின்றமையால் மறுநாளும் 18 குழிகள் ஆடவேண்டியதாயிற்று. அதில் 69 அடிகளில் ஆடி வெற்றி வாகை சூடினார். விபத்து நிகழ்ந்து பதினாறு மாதங்களே கழிந்திருந்தன. 1953இல் மூன்று பெரும்போட்டிகளில் அவர் வென்றார்.

அவர் கால்கள் பழைய நிலையை முற்றாக எய்தவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. கால்நோவு அவரை விட்டு நீங்கவில்லை. அதனால் அவர் ஆடும் போட்டிகளின் தொகையைக் குறைத்துக்கொண்டார். இழந்தவற்றுள் மீளத்தக்கதை மீட்டு, மீளாததற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொள்வதே உண்மையான குணமாகும்.

காயமுற்றவரைப் பேணும் குடும்பத்தினர் ஒன்றை நினைவிற்கொள்வாராக. அவர் கைக்கெட்டுந் தூரத்திலுள்ள நீர்க்குவளையை நாமே எடுத்துக் கொடுத்தல் அன்புதான். அவரே எழுந்து எடுக்கும்வரை பொறுமையுடன் அருகில் நிற்றல் அதனினும் பேரன்பு. எறும்பூரக் கல்லுந் தேயும் என்பர். இன்று கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தவர், நாளை முற்றம்வரை நடப்பார்.